சர்வரை அணைக்காமலே டிஸ்க்கைப் பெரிதாக்க முடியுமா? 14 கார் ஆலைகளை நிறுத்திய 'இடம் இல்லை' பிரச்னை

2023 ஆகஸ்ட் 29, செவ்வாய்க்கிழமை. ஜப்பானில் டொயோட்டாவின் கார் ஆலைகள் காலையிலிருந்தே நிற்க ஆரம்பித்தன. முதலில் 12 ஆலைகள். அன்றைக்கே அந்நாட்டிலுள்ள 14 அசெம்பிளி ஆலைகளும், அவற்றின் 28 லைன்களும் மொத்தமாக நின்றுபோயின.

எல்லோருக்கும் முதலில் வந்த சந்தேகம், சைபர் தாக்குதல். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. 2022 மார்ச் 1-ம் தேதி, உதிரிபாகம் சப்ளை செய்யும் ஒரு நிறுவனத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலால் இதே 14 ஆலைகள் ஒருநாள் மூடப்பட்டன. ஆனால், இந்த முறை ஹேக்கர் யாரும் இல்லை. செப்டம்பர் 6-ம் தேதி டொயோட்டாவே விளக்கம் கொடுத்தது. உதிரிபாக ஆர்டர்களைக் கையாளும் சர்வர்களில் சில செயலிழந்துவிட்டன. காரணம், டிஸ்க்கில் இடம் போதவில்லை.

ஆமாம், உங்கள் போனில் அடிக்கடி 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வருமே, கிட்டத்தட்ட அதே பிரச்னைதான்.

போனில் வந்தால் நாம் என்ன செய்வோம்? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் குவிந்திருக்கும் குட் மார்னிங் படங்களை அழிப்போம். அதுவும் போதாவிட்டால் புது போன் வாங்குவோம். சர்வரில் இரண்டுமே அவ்வளவு சுலபம் இல்லை. அதில் ஆர்டர் வந்துகொண்டே இருக்கிறது, பில் போடப்படுகிறது, பணம் போகிறது. 'ஒரு மணி நேரம் பொறுங்க, அணைச்சுட்டு டிஸ்க் மாத்திட்டு வரோம்' என்று சொன்னால் அந்த ஒரு மணி நேரத்துக்கு வியாபாரமே கிடையாது.

நல்ல செய்தி என்னவென்றால், அணைக்கத் தேவையே இல்லை. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் டிஸ்க்கைப் பெரிதாக்கலாம். பெரும்பாலும் சில நிமிட வேலை. ஆனால், அதில் சில பொறிகள் இருக்கின்றன. அதில் பெரிய பொறி, இந்த வேலையை எப்போது செய்கிறோம் என்பது.

இடத்தைக் காலி செய்யவே இடம் வேண்டும்

டொயோட்டா விஷயத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு வரி அந்த விளக்கத்தில் இருக்கிறது. பிரச்னை வருவதற்கு முந்தைய நாள், அதாவது ஆகஸ்ட் 27-ம் தேதி, வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. டேட்டாபேஸில் சேர்ந்துபோன தகவல்களை அழித்து ஒழுங்குபடுத்தும் வேலை அது. அந்த வேலையின்போதுதான் இடம் போதாமல் எரர் வந்தது.

அழிக்கும்போது இடம் கூடத்தானே வேண்டும், எப்படிக் குறையும்? இந்தக் கேள்வி எனக்கும் வந்தது.

டேட்டாபேஸ்கள் எதையும் சும்மா அழிப்பதில்லை. பாதியில் கரன்ட் போனால், பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமே? அதனால் 'இந்த வரியை அழிக்கப் போகிறேன்' என்பதை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் அழிக்கின்றன. ஒரு கோடி வரிகளை அழித்தால் அந்தப் பதிவேடே மளமளவென்று வளர்ந்துவிடும். அழித்த பிறகும் அந்த இடம் உடனே டிஸ்க்குக்குத் திரும்பாது. பல டேட்டாபேஸ்களில், அது 'உள்ளே காலி, வெளியே அதே சைஸ்' என்ற நிலையில்தான் இருக்கும். வெளியேயும் குறைய வேண்டுமென்றால் மொத்த டேபிளையும் புதிதாக எழுத வேண்டும். உதாரணத்துக்கு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 'வேக்யூம் ஃபுல்' என்று ஒரு கட்டளை உண்டு. அது டேபிளின் புதிய பிரதி ஒன்றை முழுவதுமாக எழுதி முடித்த பிறகே பழையதை விடுவிக்கும். 200 ஜிபி டேபிளைச் சுருக்கி 150 ஜிபி ஆக்க வேண்டுமா? முதலில் 150 ஜிபி காலி இடம் காட்டுங்கள் என்று கேட்கும்.

வீட்டில் பரணைச் சுத்தம் செய்திருப்பீர்கள். மேலே இருக்கும் சாமான்களை இறக்கி வைக்க ஹாலில் இடம் வேண்டும். ஹாலும் நிரம்பியிருந்தால் பரணைத் தொடவே முடியாது. அதே கதைதான்.

டொயோட்டாவின் அமைப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒன்று விழுந்தால் இன்னொன்று கைகொடுக்க மாற்று ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஆனால் இரண்டும் ஒரே சிஸ்டத்தில் ஓடியதால், மாற்று சர்வரிலும் அதே கோளாறு. மாறவே முடியவில்லை. கடைசியில் கொள்ளளவு அதிகமான வேறொரு சர்வருக்குத் தகவல்களை மாற்றித்தான் ஆகஸ்ட் 29-ம் தேதி சிஸ்டத்தை மீட்டார்கள். அடுத்த நாள் காலை ஆலைகள் திரும்ப ஓட ஆரம்பித்தன.

100% ஆனால் என்ன நடக்கும்?

லினக்ஸில் டிஸ்க் நிரம்பினால் வரும் பிழைக்கு எண் 28. 'சாதனத்தில் இடம் மீதமில்லை' என்று ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு மென்பொருளும் தன் சுபாவத்துக்கு ஏற்ப நடந்துகொள்ளும்.

மைஎஸ்க்யூஎல் பொறுமைசாலி. நிமிடத்துக்கு ஒருமுறை 'இடம் வந்ததா?' என்று பார்க்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை லாக்கில் புலம்பும். இடம் கிடைத்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி வேலையைத் தொடரும். போஸ்ட்கிரெஸ் அப்படி இல்லை. அதன் பதிவேடு இருக்கும் டிஸ்க் நிரம்பிவிட்டால், தகவல் தப்பாகப் பதிவாவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று தன்னையே மூடிக்கொள்ளக்கூடும். இரண்டுமே நியாயம்தான். ஆனால் ஆப்பைத் திறந்து வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு இரண்டிலும் தெரிவது சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம் மட்டும்தான்.

இடம் வாங்கினால் வீடு பெரிதாகிவிடுமா?

சரி, டிஸ்க்கை எப்படிப் பெரிதாக்குவது? இன்றைக்கு நிறைய சர்வர்கள் கிளவுடில் இருக்கின்றன. அங்கே டிஸ்க் என்பது வெறும் ஒரு எண். அமேசானின் கிளவுடில் 2017 பிப்ரவரியில் இந்த வசதி வந்தது. அதற்கு முன்னால், டிஸ்க்கை ஸ்னாப்ஷாட் எடுத்து, அதிலிருந்து பெரிய டிஸ்க் ஒன்றை உருவாக்கி, சர்வரை நிறுத்தி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்ட வேண்டும். இப்போது 100 என்று இருக்கும் இடத்தில் 200 என்று எழுதி ஓகே கொடுத்தால் போதும். சொந்தக் கட்டடத்தில் இருக்கும் சர்வர் என்றால், ஓடும்போதே செருகக்கூடிய டிஸ்க்குகள் ரொம்ப காலமாகவே இருக்கின்றன. முன்பக்கத்தில் இருக்கும் தட்டில் சொருகினால் முடிந்தது.

இங்கேதான் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதல்முறை திகைத்து நிற்பார்கள். கிளவுட் திரையில் 200 ஜிபி. சர்வருக்குள் போய்ப் பார்த்தால் அதே பழைய 100 ஜிபி, அதே 97%. 'பணம் மட்டும் எடுத்துட்டானுங்க, இடத்தைக் காணோமே!'

இடம் எங்கும் போகவில்லை. பக்கத்து மனையை வாங்கிப் பத்திரம் பதிந்தாயிற்று. ஆனால், பட்டா இன்னும் மாறவில்லை, காம்பவுண்டு சுவர் பழைய இடத்திலேயே நிற்கிறது, கட்டடமும் எழும்பவில்லை. அப்புறம் எப்படி வீட்டில் ரூம் கூடும்?

சர்வரின் டிஸ்க்கும் இப்படி அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. கீழே டிஸ்க். அதற்கு மேல் அதைப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷன். பல சர்வர்களில் அதற்கும் மேல் எல்விஎம் என்ற இடைத்தரகர். எல்லாவற்றுக்கும் மேலே ஃபைல் சிஸ்டம். நம் கோப்புகள் இருப்பது அங்கேதான். இதில் ஒவ்வொரு அடுக்கும் தனக்குக் கீழே இருப்பது எவ்வளவு பெரியது என்பதைத் தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறது. கீழே மாறினால் மேலே இருப்பவருக்குத் தானாகத் தெரியாது. யாராவது சொல்ல வேண்டும். அதுவும் கீழிருந்து மேலாக, வரிசை மாறாமல்.

முதலில் கெர்னல். டிஸ்க்கின் அளவு மாறிவிட்டதை சில சமயம் அதுவே தெரிந்துகொள்ளும். இல்லாவிட்டால் 'இன்னொரு தடவை பார்' என்று ரீஸ்கேன் கொடுக்க வேண்டும். அடுத்தது பார்ட்டிஷன். இதற்கு 'குரோபார்ட்' என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. பார்ட்டிஷனின் கடைசி எல்லைக்கல்லை மட்டும் தள்ளி நடும். ஆரம்பக் கல்லைத் தொடாது. கையால் செய்கிறவர்கள் பலர் மாட்டிக்கொள்வது இதில்தான். பார்ட்டிஷனை அழித்துவிட்டுப் புதிதாகப் போடும்போது ஆரம்ப எண் கொஞ்சம் மாறினாலும், உள்ளே தகவல் அப்படியே இருந்தும் சிஸ்டத்தால் அதைப் படிக்க முடியாது.

எல்லைக்கல்லைத் தள்ள முடியாத நிலையும் உண்டு. பக்கத்து மனையில் வேறு யாராவது குடியிருந்தால்? விண்டோஸில் சி டிரைவுக்கு அடுத்து ரெகவரி பார்ட்டிஷன் ஒன்று உட்கார்ந்திருக்கும். புதிய இடம் அதற்கும் அந்தப் பக்கம். அதனால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' பட்டன் மங்கலாகவே இருக்கும், அழுத்த முடியாது. பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க் என்றால் இன்னொரு சுவர் இருக்கிறது. 2 டிபிக்கு மேல் பார்ட்டிஷன் வளராது. அந்த முறையில் இடத்தைக் குறிக்கும் எண்ணுக்கு 32 பிட்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிட்டும் அந்தக் காலத்தில் கணக்குப் பார்த்துச் செலவு செய்த பொருள். நாம்தான் இன்று அதன் விலையைக் கொடுக்கிறோம்.

எல்விஎம்: இடைத்தரகர் எதற்கு?

லினக்ஸுக்கான எல்விஎம்மை 1998-ல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் எழுதினார். எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸில் ஏற்கெனவே இருந்த முறையைப் பார்த்துச் செய்தது. யோசனை ரொம்ப எளிமையானது. டிஸ்க்குகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி ஒரே குவியலாகப் போட்டுவிடு. வழக்கமாக ஒரு துண்டு 4 எம்பி. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அத்தனை துண்டுகளைக் குவியலிலிருந்து எடுத்துக் கொடு. அவை எந்த டிஸ்க்கிலிருந்து வந்தவை என்று மேலே இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதனால் பக்கத்து மனைப் பிரச்னையே போய்விடுகிறது. புதிய டிஸ்க்கைக் குவியலில் சேர்த்துவிட்டு, 'எல்விஎக்ஸ்டெண்ட்' என்ற கட்டளையில் இவ்வளவு ஜிபி கூட்டு என்றால் கூட்டிவிடும். அதோடு 'ஆர்' என்ற ஆப்ஷனையும் சேர்த்தால் மேலே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தையும் அதுவே வளர்த்துவிடும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 'பிவிமூவ்'. ஒரு பழைய டிஸ்க்கில் இருக்கும் துண்டுகளை எல்லாம் புதிய டிஸ்க்குக்கு நகர்த்தும். அந்த நேரத்தில் டேட்டாபேஸ் அதே துண்டுகளில் எழுதிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. நடுவில் கரன்ட் போனால், திரும்ப ஆரம்பிக்கும்போது விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். பழைய டிஸ்க் காலியானதும் கழற்றி எடுத்துவிடலாம். மேலே வேலை செய்பவர்களுக்கு எதுவுமே தெரியாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. இரண்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே ஃபைல் சிஸ்டம் ஆக்கினால், இரண்டில் எது செத்தாலும் பாதிப்பு மொத்தத்துக்கும்தான். இடம் இரண்டு மடங்கு, ஆபத்தும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கீழே ரெய்டு மாதிரியான பாதுகாப்பு இல்லாமல் இதைச் செய்யக் கூடாது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே எப்படி வளர்கிறது?

இனி ஃபைல் சிஸ்டம். கேட்பவர்களுக்கு மாயாஜாலம் மாதிரி தெரிவது இந்தக் கட்டம்தான். ஒருபக்கம் ஆயிரம் பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், அதே நேரத்தில் அந்த நோட்டின் பக்கங்கள் கூடுகின்றன. எதுவும் கலையாதா?

கலையாது. ஏனென்றால், ஏற்கெனவே எழுதிய எதையும் அது நகர்த்துவதில்லை.

லினக்ஸில் அதிகம் பயன்படும் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் சிஸ்டத்தை எடுத்துக்கொள்வோம். அது டிஸ்க்கை வழக்கமாக 128 எம்பி அளவுள்ள அறைகளாகப் பிரித்து வைத்திருக்கும். பெரிதாக்கும்போது, பழைய அறைகளுக்குப் பின்னால் புதிய அறைகளை முதலில் கட்டுகிறது. அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லை. கட்டி முடித்த பிறகுதான் வாசலில் இருக்கும் பலகையில் 'மொத்த அறைகள் இத்தனை' என்ற எண்ணை மாற்றுகிறது. நடுவில் சர்வர் விழுந்தாலும் பலகையில் பழைய எண்தான் இருக்கும். பழைய அறைகள் பத்திரம்.

அறைகளின் பட்டியல் நீளுமே, அதற்கு இடம்? அதையும் முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள். எக்ஸ்ட்4-ஐ முதலில் உருவாக்கும்போதே, பிற்காலத்தில் 1,024 மடங்கு வரை வளர்ந்தாலும் பட்டியல் எழுத இடம் இருக்கும்படி ஒதுக்கி வைப்பதுதான் வழக்கமான செட்டிங். பிள்ளைகள் பெரியவர்களானால் மாடி எடுக்க வேண்டியிருக்கும் என்று தூண்களில் கம்பியை நீட்டி விட்டு வைப்பார்களே, அது மாதிரி.

சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1993-ல் உருவாக்கத் தொடங்கிய எக்ஸ்எஃப்எஸ் இன்னும் ஒருபடி மேல். அதைப் பெரிதாக்கும் கருவி, ஃபைல் சிஸ்டம் பயன்பாட்டில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும். அதாவது, ஓடும்போது மட்டும்தான் வளர்க்க முடியும்!

தகவல் நகராததால்தான் இத்தனை வேகம். நூற்றுக்கணக்கான ஜிபியைக் கூட்டினாலும் பெரும்பாலும் விநாடிகளில் முடிந்துவிடும். இதற்கு நேரெதிர், ரெய்டு 5 அமைப்பில் ஒரு டிஸ்க்கைக் கூட்டுவது. அங்கே இருக்கிற எல்லாத் தகவலையும் புதிய எண்ணிக்கைக்கு ஏற்றபடி திரும்பப் பரப்ப வேண்டும். சர்வர் ஓடும்போதே செய்யலாம் என்றாலும் பல மணி நேரம், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். டிஸ்க்குகள் எல்லாம் அந்த நேரம் முழுக்க மூச்சு வாங்க ஓடும். ஏற்கெனவே வயதான டிஸ்க் ஒன்று அதில் இருந்தால், மண்டையைப் போட அதைவிட நல்ல நேரம் அதற்குக் கிடைக்காது.

போனால் திரும்ப முடியாத பாதை

'சரி, இப்போதைக்கு 2 டிபி ஆக்கிவிடுவோம். தேவையில்லாவிட்டால் அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்.' அவசரத்தில் எல்லோருக்கும் வரும் யோசனை இது. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை.

வளர்க்கும்போது எதையும் நகர்த்த வேண்டாம் என்று பார்த்தோம். குறைக்கும்போது கடைசி அறைகளில் இருப்பவர்களைக் காலி செய்து முன்னால் கொண்டுவர வேண்டும். எக்ஸ்ட்4-ஐக் குறைக்கலாம், ஆனால் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டுத்தான். அதாவது, சேவையை நிறுத்த வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் நடைமுறையில் குறைக்கவே வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸும், லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ்ஸும் ஓடும்போதே குறைய ஒத்துக்கொள்ளும். ஆனாலும் கிளவுட் டிஸ்க் குறையாது. அமேசானில் ஒரு டிஸ்க்கைக் கூட்டலாம், குறைக்க முடியாது. சின்னதாக வேண்டுமென்றால் சின்ன டிஸ்க் ஒன்றைப் புதிதாக உருவாக்கி, எல்லாவற்றையும் நகல் எடுத்து, அதற்கு மாற வேண்டும்.

கிளவுடில் நீங்கள் பயன்படுத்திய அளவுக்கு இல்லை, ஒதுக்கிய அளவுக்குத்தான் பில். ராத்திரி 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போட்ட ஒரு எண், மாதா மாதம் பில்லில் வந்து நிற்கும்.

நிஜமாகவே இடம்தான் பிரச்னையா?

அதனால் கூட்டுவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்து மூன்று விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

ஒன்று, அழித்தும் போகாத ஃபைல்கள். 40 ஜிபி லாக் ஃபைல் ஒன்றை அழித்துவிட்டீர்கள். ஆனாலும் இடம் கூடவில்லை. ஏதோ ஒரு மென்பொருள் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கும். லினக்ஸில் கடைசி ஆள் கையை எடுக்கும்வரை இடம் திரும்பாது. பெயர் பட்டியலில் இருக்காது, ஆள் மட்டும் உள்ளே இருப்பார். 'எல்எஸ்ஓஎஃப்' என்ற கருவி யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டிக் கொடுத்துவிடும். அந்த மென்பொருளை ரீஸ்டார்ட் செய்தால் 40 ஜிபியும் வந்துவிடும்.

இரண்டாவது இன்னும் குழப்பமானது. பாதி டிஸ்க் காலி, ஆனாலும் 'இடமில்லை' என்று வரும். எக்ஸ்ட்4-ல் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும். எவ்வளவு இடத்துக்கு ஒரு ஐநோடு என்பது ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போதே முடிவாகிவிடுகிறது. லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களை உருவாக்கும் ஆப் ஒன்று இருந்தால் ஐநோடு தீர்ந்துவிடும். கல்யாண மண்டபத்தில் சாப்பாடு நிறைய இருக்கிறது, இலைதான் இல்லை.

மூன்றாவதாக, எக்ஸ்ட்4 வழக்கமாக 5% இடத்தை ரூட் யூசருக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கும். 1 டிபி டிஸ்க்கில் இது 50 ஜிபி. சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கில் இந்த ஒதுக்கீடு அவசியம், நிரம்பினாலும் உள்ளே போய்ச் சரிசெய்ய ஆள் வேண்டுமே. வெறும் தகவல் மட்டும் இருக்கும் டிஸ்க்கில் அவ்வளவு தேவையில்லை. ஒரே கட்டளையில், ஓடும்போதே இந்த அளவைக் குறைத்துக்கொள்ளலாம். நெருக்கடியில் மூச்சு விட நேரம் கொடுக்கும்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதை

இனி அந்தப் பெரிய பொறி. டிஸ்க் சரியாக 100% ஆகிவிட்டது. பதறிப்போய் கிளவுடில் 200 ஜிபி என்று மாற்றிவிட்டீர்கள். உள்ளே வந்து குரோபார்ட்டைத் தட்டுகிறீர்கள். அது சொல்கிறது: 'சாதனத்தில் இடம் மீதமில்லை.'

கிண்டல் இல்லை, நிஜம். குரோபார்ட் தன் வேலைக்காக டெம்ப் டைரக்டரியில் சின்னதாக ஒரு தற்காலிக இடம் கேட்கும். சில கேபிதான். அதுவும் அதே நிரம்பிய டிஸ்க்கில் இருக்கிறது. இடத்தைக் கூட்டும் கருவிக்கே இடமில்லை. எல்விஎம்மும் மாற்றம் செய்யும் முன் தன் வரைபடத்தின் நகலை டிஸ்க்கில் எழுதி வைக்கும் பழக்கமுள்ளது. அங்கேயும் இதே தகராறு வரலாம்.

குரோபார்ட்டுக்கு மாற்று வழி இருக்கிறது. டெம்ப் டைரக்டரியைக் கொஞ்ச நேரத்துக்கு ராமில், அதாவது மெமரியில், ஏற்றிவிட்டால் குரோபார்ட் ஓடிவிடும். அமேசானின் உதவிப் பக்கமே இந்த வழியைத்தான் சொல்கிறது. அந்த அளவுக்கு இது அடிக்கடி நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே ஒரு ஜிபி அளவுக்கு வெற்று ஃபைல் ஒன்றைச் செய்து ஓரமாக வைத்திருப்பவர்களும் உண்டு. நெருக்கடி வந்தால் அதை அழித்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்கள். அஞ்சறைப் பெட்டியில் ஒளித்து வைத்த காசு மாதிரி.

டொயோட்டா கதையும் குரோபார்ட் கதையும் ஒன்றுதான். நிரம்பும்வரை எல்லா வழிகளும் திறந்திருக்கின்றன. நிரம்பிய பிறகு, அழிக்கவும் இடம் வேண்டும், கூட்டவும் இடம் வேண்டும்.

ரெப்ளிகா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. முதன்மை சர்வரில் எவ்வளவு கூட்டினீர்களோ அவ்வளவை நகல் சர்வரிலும் கூட்ட வேண்டும். நகலை முதலில் கூட்டுவது இன்னும் நல்லது. இரண்டிலும் ஒரே தகவல், ஒரே அளவு டிஸ்க் என்றால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நாளில்தான் நிரம்பும்.

பேக்கப்: இருக்கிறதா, இருப்பதாக நினைக்கிறோமா?

ஓடும் சர்வரில் டிஸ்க்கை வளர்ப்பது பாதுகாப்பான வேலைதான். அதைச் செய்யும் கைகள்தான் அப்படி இல்லை. ஃபைல் சிஸ்டத்தை வளர்க்கும் கட்டளைக்கும், புதிதாக உருவாக்கும் கட்டளைக்கும் டைப் செய்யும்போது பெரிய தூரம் இல்லை. ஆனால் பின்னது இருக்கும் எல்லாவற்றையும் துடைத்துவிடும். டிஸ்க்குகளின் பெயர்களோ கடைசி ஒரு எழுத்தில்தான் மாறும்.

2017 ஜனவரி 31-ம் தேதி கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது டிஸ்க் வளர்க்கும் வேலை இல்லை. டேட்டாபேஸ் நகலைச் சரிசெய்யும் வேலை. இரவு நேரம். பொறியாளர் ஒருவர் நகல் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது சுமார் 4.5 ஜிபி. அதன் பிறகுதான் பேக்கப்களைத் தேடினார்கள். ஐந்து வழிகளில் ஏற்பாடு செய்து வைத்திருந்தும் எதுவும் நம்பி எடுக்கும் நிலையில் இல்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன்பு ஒருவர் வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடுவில் இருந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். கிட்லேப் இதை ஒளிக்காமல் முழுவதுமாக வெளியிட்டது. இந்த வேலையில் இருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டிய அறிக்கை அது.

அதனால் கிளவுடில் அளவை மாற்றும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிடுங்கள். அதிலிருந்து ஒரு சர்வரை எழுப்ப முடிகிறதா என்று எப்போதாவது சோதித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது கூட்ட வேண்டும்?

பல அலுவலகங்களில் 90% ஆனால் அலாரம் அடிக்கும். ஆனால் சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 500 ஜிபி டிஸ்க்கில் 90% என்றால் மிச்சம் 50 ஜிபி. தினமும் அரை ஜிபி வளரும் சர்வர் என்றால் இன்னும் 100 நாள் இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கலாம். அதே டிஸ்க் தினமும் 10 ஜிபி விழுங்கினால் ஐந்தே நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலாரம் அடித்து, 'திங்கள்கிழமை பார்த்துக்கலாம்' என்று கிளம்பினால், திங்கள்கிழமை கையில் இருப்பது இரண்டு நாள்தான்.

எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைவிட, இதே வேகத்தில் போனால் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும் அலாரம் வைப்பது நல்லது. கண்காணிப்பு மென்பொருள்கள் பலவற்றில் இந்தக் கணக்கு போடும் வசதி இருக்கிறது. பிரொமீதியஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் 'பிரெடிக்ட் லீனியர்' என்ற ஃபங்ஷன் இதற்கு உதவும். இன்றைக்கு ஆபீஸ் போனதும் உங்கள் சர்வரில் தேடிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்குள் என்று வந்தால், டிஸ்க்கைப் பெரிதாக்குவது இன்னும் ஐந்து நிமிட வேலைதான்.